தண்ணீரில் போட வைத்திருந்த கல்

ஜனவரி 9

ஃபோர்மேன் ஐயா அவர்களுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று சொன்னது நீங்கள்தான். சரி, எழுதுகிறேன். இதில் எனக்கு ஒரு வசதி, நான் முடிக்கும்வரை உங்களால் குறுக்கே பேச முடியாது.

வீடு கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில், இரண்டாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். ஆனாலும் ஜன்னல் விளிம்பில் விரல் வைத்து இழுத்தால் விரல் வெள்ளையாவதில்லை. சுண்ணாம்புச் சூளைக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் குடியிருந்துவிட்டு இதைப் பார்க்க எனக்கே அதிசயமாக இருக்கிறது. தினமும் காலையில் ஒரு தடவை தேய்த்துப் பார்க்கிறேன்.

நம் வாண்டுவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ராத்திரியில் எழுந்து உட்கார்வதில்லை. டாக்டர் சொன்னபடி அந்தச் சுண்ணாம்புத் தூசியை விட்டு வெளியே வந்ததுதான் மருந்து. உங்களுக்கு அது பிடிக்காத பேச்சு என்று தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாக நீங்கள் திணித்த பாட்டில் பத்திரமாக இருக்கிறது. அன்று காலையில் சூளையிலிருந்து இழுத்த சுண்ணாம்பில் நல்லதாகப் பொறுக்கிய ஒரு கட்டி, மூடியைச் சுற்றி மெழுகு. "காத்து படாம இருக்கற வரைக்கும் இது உயிரோட இருக்கும். நான் வந்ததும் மூணு பேருமா தண்ணில போடுவோம். எப்படிக் கொதிக்குதுன்னு பாரு" என்று அவளிடம் சொன்னீர்கள். அதைத் தன் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காவல் காக்கிறாள். என்னைத் தொட விடுவதில்லை.

மார்ச்சில் சூளையை அணைத்து உள்செங்கல் மாற்றுவார்கள், அப்போது வந்துவிடுவேன், வந்தால் திரும்பிப் போக மாட்டேன் என்பது உங்கள் வாக்கு. நான் கெமிஸ்ட்ரி டீச்சர்தான், கணக்கு டீச்சர் இல்லை. ஆனாலும் மார்ச்சுக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
இரண்டாவது மாடி


ஜனவரி 21

டீச்சரம்மாவுக்கு,

குறுக்கே பேசாமல் படித்து முடித்தேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வாண்டுவுக்கு இருமல் குறைந்ததில் எனக்குப் பிடிக்காமல் போக என்ன இருக்கிறது? என் பிழைப்பே அவளுக்கு விஷமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் சந்தோஷமாகவா இருக்கும், அவ்வளவுதான்.

இங்கே வீடு பெரிதாகிவிட்டது. பேசினால் சுவர் திரும்பப் பேசுகிறது. நான் பெரும்பாலும் சூளையிலேயே படுத்துக்கொள்கிறேன். நெட்டையன் கரி தள்ளுகிறான், நான் ஓட்டை வழியாக நெருப்பைப் பார்க்கிறேன், தேநீர் போட்டுக்கொள்கிறோம். அவன் உன்னைக் கேட்டான். "அக்கா இல்லாம உங்க மொகமே செங்கல் மாதிரி ஆயிடுச்சுண்ணே" என்கிறான். இந்த நாட்டில் எல்லோருக்கும் என் முகம்தான் கிடைத்தது.

இனி நீ கோபப்படப்போகிற விஷயம். முதலாளி படுத்துவிட்டார். சூளை இப்போது மருமகன் கையில். மாமனார் கல்லில் நார் உரிப்பவர் என்றால் மருமகன் அந்த நாரில் கயிறு திரிப்பவர். உள்செங்கல் இன்னும் ஒரு வருடம் தாங்குமாம், மார்ச்சில் அணைக்க வேண்டாமாம். "மழைக்காலம் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்கிறார். நானும் சரி என்றேன். வேறென்ன சொல்லச் சொல்கிறாய்? எரிகிற சூளையை நெட்டையன் தலையில் கட்டிவிட்டு வர முடியுமா? எப்படியும் மழைக்காலம் முடிந்ததும் வந்துவிடுவேன்.

உன்னிடம் ஒரு சந்தேகம். நிலக்கரிச் செலவைக் குறைக்கச் சொல்கிறார். சூட்டைக் கொஞ்சம் இறக்கி, கல்லை இரண்டு மடங்கு நேரம் உள்ளே விட்டால் கணக்குச் சரியாகிவிடாதா என்று கேட்கிறார். நெட்டையன் கூடாது என்கிறான். எனக்கு இரண்டும் சரிபோலத்தான் படுகிறது. ஓட்டையில் பார்த்தால் நெருப்பு ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருக்க வேண்டும், அது தெரியும். செங்கல் சிவப்புக்கு இறக்கி நான் ஓட்டியதே இல்லை. தணல் குறைவாக வைத்தாலும் இறைச்சி வேகத்தானே செய்கிறது, நேரம்தானே கூட ஆகிறது? நீ முதன்முதலில் உன் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு சூளை பார்க்க வந்தபோது ஏதோ விளக்கம் சொன்னாய். நான் விளக்கத்தைக் கவனிக்கவில்லை, சொன்ன ஆளைத்தான் கவனித்தேன். அதனால் திரும்பச் சொல்.

வாண்டுவிடம் பாட்டிலின் மெழுகு விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

நான்


பிப்ரவரி 4

ஃபோர்மேன் அவர்களுக்கு,

மழைக்காலம் முடியட்டும். சரி. அதற்குப் பிறகு குளிர்காலம் முடியட்டும். அதற்குப் பிறகு மருமகனுக்குப் பேரன் பிறக்கட்டும். நீங்கள் "சரி" என்று சொன்னதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் சொன்னதும் "என் பொண்டாட்டி பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்று ஒரு வார்த்தை வந்ததா? வந்திருக்காது. எனக்கு அந்த "சரி" பழக்கம். அதே குரலில்தான் எனக்கும் மார்ச் என்று சொன்னீர்கள்.

கேள்விக்கு வருகிறேன். கூடாது. நெட்டையன் சொல்வதுதான் சரி. ஏன் என்று இப்போதாவது சொன்ன ஆளை விட்டுவிட்டு விளக்கத்தைக் கவனியுங்கள்.

எந்தப் பொருளுக்கும் இரண்டு ஆசை உண்டு. ஒன்று, கட்டிப்பிடித்துக்கொண்டு நிம்மதியாக ஓரிடத்தில் கிடப்பது. இன்னொன்று, அவிழ்ந்து பரவிப் போவது. சுண்ணாம்புக் கல்லில் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. சாதாரண வெயிலில் முதல் ஆசைதான் ஜெயிக்கும், அதனால் மலை மலையாகவே இருக்கிறது. சூடு ஏற ஏற இரண்டாவது ஆசைக்குப் பலம் கூடும். ஒரு எல்லை வரும்போது தராசு மறுபக்கம் சாயும். அதற்கு மேலே வாயு தானாக வெளியேறும், யாரும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. உங்கள் ஆரஞ்சு நிறம் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. செங்கல் சிவப்பு கீழே.

இறைச்சி கதை வேறு. தணல் குறைவாக இருந்தாலும் இறைச்சி வேகிற திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது, மெதுவாகப் போகிறது. நேரம் கொடுத்தால் ஊர் போய்ச் சேரும். எல்லைக்குக் கீழே இருக்கிற கல்லுக்கு முகமே எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. திரும்பி நிற்கிற ஆளுக்கு எத்தனை நாள் கொடுத்து என்ன? சுட்ட சுண்ணாம்பைக்கூடச் சூடு இல்லாத இடத்தில் காற்றில் போட்டு வைத்தால் அது திரும்பக் கல்லாகத்தான் பார்க்கும். மெதுவாக, ஆனால் தானாக. அதனால்தானே பாட்டிலுக்கு மெழுகு வைத்தீர்கள்?

குறைந்த நெருப்பில் குறைந்த சுண்ணாம்பு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கிடைக்கவே கிடைக்காது. மாதம் ஒரு கடிதத்தில் குடும்பம் நடத்தலாம் என்று நினைக்கிற ஆளுக்கு இது கொஞ்சம் கஷ்டமான பாடம்தான்.

இப்போது முக்கியமானது. ஊர்க்கோடியில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருக்கிறது. உலையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். தூசி கிடையாது. நெருப்பைக் கண்ணால் பார்த்தே சூடு சொல்கிற ஆள் என்று உங்களைப் பற்றி அங்கே மேற்பார்வையாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு புகழ்ந்தேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். ஒரே ஒரு நாள் வந்து போங்கள். சூளை ஒரு நாள் உங்களைப் பார்க்காவிட்டால் செத்துவிடாது.

வாண்டுவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துச் சொல்வேன்.

இரண்டாவது மாடி


பிப்ரவரி 16

என் டீச்சருக்கு,

வருகிறேன். வாண்டுவிடம் சொல். சனிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன், அந்த மேற்பார்வையாளர் முன்னால் உன் மானத்தை வாங்க மாட்டேன்.

நீ பல்லைக் கடித்துக்கொண்டு புகழ்ந்ததை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். நெட்டையன் பயந்துவிட்டான்.

உன் பாடம் மூன்று நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் மருமகன் பக்கத்தில் நின்று சூட்டை இறக்க வைத்துவிட்டார். செங்கல் சிவப்புக்கு முழுதாக இறக்கவில்லை, இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுப் போய் உன் வார்த்தையிலேயே சொன்னேன், முகமே எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும் என்று. "அடி மேல் அடி வெச்சா அம்மியே நகருதாம், கல்லு மாறாதா? ஃபோர்மேனுக்குப் பொறுமை வேணும்" என்றார். இழுத்த கட்டிகள் பார்வைக்கு நன்றாக, வெள்ளையாகத்தான் இருக்கின்றன. லாரிகளும் போய்விட்டன. நீ சொன்னது புத்தகத்துக்குச் சரி, சூளைக்குள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். திட்டாதே. சனிக்கிழமை நேரில் திட்டலாம்.

மாதம் ஒரு கடிதம் பற்றி நீ எழுதியதற்குப் பதில் கடிதத்தில் வேண்டாம். வந்து சொல்கிறேன்.

பாட்டிலில் இருக்கிற கட்டியைத் தண்ணீரில் போட ஒரு பெரிய இரும்புச் சட்டி எடுத்து வை. கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், சூட்டில் வெடித்துவிடும்.

நான்


மார்ச் 3

நீங்கள் வரவில்லை.

பத்து மணி பஸ்ஸுக்கு வாண்டு ஒன்பது மணிக்கே போய் நின்றாள். அவள் தலையை அவளே பின்னிக்கொண்டாள், ஒரு பக்கம் ஏற்றமாக. இரும்புச் சட்டியை வீட்டுக்கார அம்மாவிடம் கடன் வாங்கி, பஸ் நிலையத்துக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "வீட்டுக்குப் போற வரைக்கும் எதுக்கும்மா காத்திருக்கணும்? இங்கயே குழாய் இருக்கு" என்றாள். ஒரு கையில் சட்டி, ஒரு கையில் பாட்டில். அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ். ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தாள். டிரைவர் ஒருவர், "பாப்பா, சட்டி விக்கறியா?" என்று கேட்டார். அவள் அதற்குச் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் நான்தான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சூளைக்குப் போன் செய்தேன். நெட்டையன் எடுத்து, "அண்ணன் மேல இருக்காருக்கா, நெருப்பு சரியில்ல" என்றான். உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வைத்துவிட்டேன்.

கண்ணாடித் தொழிற்சாலையில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் பள்ளி வாசலில் பார்த்து, பாவம்போலச் சிரித்துவிட்டுப் போனார்.

காரணம் எழுதத் தோன்றினால் எழுதுங்கள். எனக்காக எழுத வேண்டாம்.


மார்ச் 15

டீச்சருக்கு,

காரணம் எழுதுகிறேன். காரணம் ஒழுங்காக இருக்கிறது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றும் தெரியும்.

அன்றைக்கு நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். புதுச் சட்டை. வாண்டுவுக்கு வண்ணப் பென்சில் வாங்கி மடியில் வைத்திருந்தேன். நெட்டையன் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினான். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து லாரிகள் திரும்பி வந்துவிட்டன. கட்டிகளைத் தண்ணீரில் போட்டால் மேல்தோல் மட்டும் சீறிக் கரைகிறதாம், உள்ளே கல் அப்படியே கிடக்கிறதாம். வெள்ளைச் சட்டை போட்ட கல்லை விற்றிருக்கிறோம். "மருமகன் கத்திக்கிட்டு நிக்கறாருண்ணே, நான் தனியா என்ன பண்ணுவேன்?" என்றான்.

நான் இறங்கினேன். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது, போய்ச் சூட்டை ஏற்றிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். மேலே போய் ஓட்டையில் கண்ணை வைத்தால் மங்கின சிவப்பு, நான் நடுவில் வைத்ததற்கும் கீழே இறங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அந்த நிறத்தை நான் அங்கே பார்த்ததில்லை. எனக்குப் பயம் வந்தது. கரியைத் தள்ளு தள்ளு என்று தள்ள வைத்தேன். ஆரஞ்சு வந்தது. மஞ்சள் வந்தது. அவ்வளவு அவசரமாக ஏற்றக் கூடாது என்று கத்துக்குட்டிக்குக்கூடத் தெரியும். செங்கல் பழசு. நடு இரவுக்குள் உள்சுவர் விரிசல் விட்டுவிட்டது. அந்தச் சத்தம் என் முதுகுக்குள்ளேயே கேட்டது.

இரண்டு வாரம் ஒட்டுப்போட்டுப் பார்த்தோம். விரிசல் வழியாக வெளிச்சம் தெரிகிறது. அணைத்தே ஆக வேண்டும். திரும்பச் செங்கல் வைக்கக் காசு இல்லை, இடத்தை விற்கப்போகிறேன் என்று மருமகன் சொல்லிவிட்டார். எந்த நெருப்புக்காக இறங்கினேனோ அதை நானே கெடுத்தேன். அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் அந்தக் கண்ணாடி வேலையாவது மிஞ்சியிருக்கும்.

நீ எழுதியது சரி. கொஞ்சம் சூட்டைக் குறைத்துக்கொண்டு நேரத்தால் ஈடுகட்டலாம் என்று நினைத்தேன். கல்லிடம் மட்டும் இல்லை.

வாண்டு என் மேல் கோபமாக இருக்கிறாளா? இருந்தால் நல்லது. எழுது.

நான்


ஏப்ரல் 12

டீச்சருக்கு,

உன் பதில் வரவில்லை. வராது என்றுதான் நினைத்தேன், இருந்தாலும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன்.

சூளையை அணைத்தாயிற்று. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். அடங்கினதைப் பார்க்க வேண்டும் நீ. முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் சுவரில் கை வைக்க முடியவில்லை. பிறகு வைக்க முடிந்தது. பிறகு ஒருநாள் காலையில் சுவர் என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. உள்ளே பாதி மாறினதும் மாறாததுமாகக் கற்கள் நிற்கின்றன. கோடை மழை ஈரம் பட்டு வெந்த சுண்ணாம்பு உப்பிப் பிதுங்குகிறது. நெட்டையன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான், போகும்போது அழுதான்.

நான் வருகிறேன். இனிமேல் திரும்பிப் போக எனக்கு இடமே இல்லை, அதனால் இந்தத் தடவை நம்பலாம். எந்த வேலையானாலும் செய்வேன். பள்ளிக்கூடத்தில் பெருக்கச் சொன்னாலும் பெருக்குவேன். "டீச்சர் வீட்டுக்காரர்" என்று யாராவது கூப்பிட்டால் என்னவோ போல இருக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி யாராவது கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது.

ஒரு துளித் தூசி என்னோடு வரக் கூடாது என்று எல்லாத் துணிகளையும் மூன்று தண்ணீரில் அலசித் துவைத்தேன். சட்டை, கைக்குட்டை, போர்வை, மிச்சமில்லாமல். அலசின தண்ணீர் தெளிவாக வரும்வரை விடவில்லை. காயவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். வாண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் இரும மாட்டாள்.

என்றைக்கு வரட்டும், அதை மட்டும் எழுது. பாட்டில் இருக்கிறதல்லவா?

நான்


மே 2

வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவளிடம், "அப்பா வர்றாராம்" என்றேன். "ம்" என்றாள். எழுதிக்கொண்டிருந்த பாடத்தை நிறுத்தவில்லை.

கோபமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அதுதான் விஷயம்.

பாட்டிலைப் பார்க்கலாம் என்று முதல் தடவையாக நானே கையில் எடுத்தேன். மெழுகு உடைந்திருந்தது. உடைத்து, மெழுகுவர்த்தியால் திரும்ப ஒட்டி, திரும்ப உடைத்து, பல தடவை நடந்திருக்கிறது. உள்ளே கட்டி இல்லை, பொடி இருந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அந்தப் பொடி கண்ணில் தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

"எதுக்குடி தெறந்த?"

"மோந்து பாக்கறதுக்கு."

"சுண்ணாம்பையா?"

"அப்பா வாசன மறந்து போச்சும்மா. அப்பா அது மாதிரிதான இருப்பாங்க. அதான் அப்பப்ப தெறந்து பாத்தேன்."

"எத்தன தடவ?"

"தெரியல. வாசனையே வரல. வந்திருந்தா ஒரு தடவையோட நிறுத்தியிருப்பேன்."

"சட்டி எடுத்துட்டு வா, போட்டுப் பார்க்கலாம்" என்றேன். "அப்பா வரட்டும்னு சொன்னீங்களே" என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் ஊற்றினோம். பொடியைக் கொட்டினோம். சட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் கொஞ்சம் பால்போலக் கலங்கியது, அவ்வளவுதான். சட்டி குழாய்த்தண்ணீரின் குளிர்ச்சியிலேயே இருந்தது. அவள் கையை எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அடியில் படிந்ததை எடுத்து நான் கொஞ்சம் வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்தது, கல்தான் அப்படி நுரைக்கும். பாதிக்கு மேல் கல்லாகத் திரும்பிவிட்டது.

பிறகு அவள் சட்டியைக் கழுவி, துடைத்து, வீட்டுக்கார அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பாடம் எழுதினாள்.

உங்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. வெறுப்பாக இருந்தால் அதில் ஒரு சூடாவது இருக்கும், வாருங்கள், சண்டை போடலாம் என்பேன். முதல் மாதங்களில் ஒவ்வொரு நாளும் உங்களை விட்டு இருப்பதற்குப் பாடுபட வேண்டியிருந்தது. இரண்டு தட்டு எடுக்கும்போது மூன்றாவது தட்டு கையில் வரும். இப்போது வருவதில்லை. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இல்லாமல் இருப்பது எங்களுக்கு இப்போது தானாக நடக்கிறது. நீங்கள் வந்து இருப்பதற்குத்தான் நெருப்பு வேண்டும். நீங்கள் நல்லவர், மூன்று தண்ணீரில் அலசியிருப்பீர்கள், அதை நான் நம்புகிறேன். படித்துவிட்டு அழுதேன். அழுதும் ஒன்றும் மாறவில்லை. எல்லையைத் தொடுகிற அளவுக்கு என்னிடம் விறகு இல்லை. பாதிச் சூட்டில் உங்களை இங்கே வைத்துக்கொண்டு, போகப்போகச் சரியாகும் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல நான் மருமகன் இல்லை.

வராதீர்கள்.

டீச்சர்


மே 14

டீச்சருக்கு,

படித்தேன். குறுக்கே பேச ஒன்றும் இல்லை.

நான் வரவில்லை. இடத்தை வாங்கினவர்கள் சூளையை இடிக்கும்முன் உள்ளே இறுகிப்போனதை உடைத்து எடுக்க ஆள் கேட்டார்கள். கடப்பாரை வாங்கிக்கொண்டேன். சில இடங்களில் நான் சுட்டதற்கு அடையாளமே இல்லை, மலையிலிருந்து வந்ததுபோல இருக்கிறது.

வாண்டுவைத் திட்டிவிடாதே. பாட்டிலைக் கெடுத்தது அவள் இல்லை. அன்றைக்குப் பஸ் நிலையத்தில் தண்ணீரில் போட்டிருந்தால் ஒருவேளை கொஞ்சமாவது கொதித்திருக்கும்.

சுட்ட சுண்ணாம்புக்கு வாசனை கிடையாது. அதை நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்கிற தூரத்தில் நான் இல்லை. என்னிடம் வருவது கரிப்புகையும் வேர்வையும் கலந்த ஒரு நெடி, நீ ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அது.

அவளுக்கு என் சட்டை ஒன்றை அனுப்பலாம் என்று நேற்று பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தேன். கைக்குட்டைகூட விடவில்லை, தலையணை உறைவரை பார்த்தேன்.

எல்லாவற்றிலும் சோப்பு வாசனைதான் வருகிறது.